நாளுக்கு ஓரடி வளர்ந்த சாய்தளம்

பூவணிநல்லூர் நகராட்சியின் 'அனைவருக்குமான விளையாட்டுப் பூங்கா'வை ஏப்ரல் ஒன்றாம் தேதி திறந்தார்கள், தேதியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் காலையில் அதன் சாய்தளம் ஓரடி வளர்ந்திருந்தது, அதிலிருந்து நாளுக்கு ஓரடி கணக்கு, பிள்ளைக்குப் பல் முளைப்பதுபோல யாரும் பார்க்காத நேரத்தில் அது பாட்டுக்கு வளர்ந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் கட்டிய எதுவும் கட்டி முடித்த பிறகு வளர்ந்ததில்லை, தேய்ந்துதான் போயிருக்கிறது. நான் ஆறுமுகநயினார், நகராட்சி உதவிப் பொறியாளர். அந்தப் பூங்காவுக்கு வரைபடம் போட்ட மகானுபாவன் நான்தான்.

எப்படிப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் விளையாடுகிற மாதிரி ஒரு பூங்கா வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நானும் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து, கால் நடக்காத ஒருவன் எப்படி விளையாடுவான் என்று கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்த்தேன், அன்றைக்கு வீட்டில் கூட்டாஞ்சோறு கொடுத்துவிட்டிருந்தார்கள், அரைமணி நேரம் நல்ல தூக்கம். எழுந்தவுடன் வரைந்துவிட்டேன். கண் தெரியாதவர்களுக்காக வாசலில் புள்ளி எழுத்துப் பலகை வைத்தேன், அந்தப் புள்ளிகளை எங்கள் பெயின்டர் வெள்ளைப் பெயின்டில் தட்டையாக, கோலம்போல அழகாக வரைந்து கொடுத்தார். தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். ஆறடி உயரத்தில் ஒரு மேடை, அதிலிருந்து மணலில் இறங்குகிற சறுக்கு, மேடைக்கு ஏற ஒரு பக்கம் படிக்கட்டு, இன்னொரு பக்கம் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி, பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன், ஆறடிக்கு எழுபத்திரண்டடி என்று கைவிரலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் மேடைக்கும், வாயைப் பிளந்து நிற்கிற பென்குயின் குப்பைத்தொட்டிக்கும் நடுவே மீதி இருந்த இடம் பன்னிரண்டடிதான். எங்கள் இலாகாவில் சாய்தளத்துக்கு மீதி இருக்கிற இடத்தைத்தான் கொடுப்பது, அதுதான் வழக்கம். பன்னிரண்டடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு சக்கர நாற்காலிப் பிள்ளை வேண்டும் என்றார்கள். அதே தெருவில் இருந்த ஜெயசெல்வியின் மகள் பியூலாவைக் கூப்பிட்டோம். பதினொரு வயது, பிறந்ததிலிருந்து இரண்டு காலும் ஊன்றாது, கை மட்டும் கல்லுரல் தூக்குகிற உறுதி, நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் அவளை மாடிக்கும் கக்கூசுக்கும் பேருந்துக்கும் ஊர்ப்பட்ட பேர் தூக்கியிருக்கிறார்கள், யாரும் ஒருநாளும் 'தூக்கட்டுமா' என்று கேட்டதில்லை என்று ஜெயசெல்வி பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு ரிப்பனை வெட்டிய கையோடு பெரிய மனிதர்கள் மேடையில் போய் நின்றுகொண்டார்கள், பிள்ளை கீழே நின்றது, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளியும் நாற்காலி என் சாய்தளத்தில் மூன்றடிக்கு மேல் போகவில்லை. போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். நான்தான் சைகை காட்டினேன், நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். மைக்கில் என் பேரைச் சொல்லிப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், இது யாருக்குக் கெட்டுனது?"

நான் சிரித்து மழுப்பினேன். சறுக்கில் இறங்கச் சொன்னதற்கு, தூக்கிக்கொண்டு வந்ததற்கெல்லாம் சறுக்க முடியாது, நானா ஏறிவந்த அன்றைக்குத்தான் சறுக்குவேன், அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஜூன் இரண்டாம் தேதி அவளைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். இடையில் இருந்தது இரண்டே மாதம்.

மறுநாள் சாய்தளம் பதின்மூன்று அடி.

முதலில் கண்டுபிடித்தவர் பூங்கா வாசலில் டீக்கடை வைத்திருக்கிற சேர்மராஜ். பென்குயின் ஏன் ஓரடி கிட்டே வந்து நிற்கிறது என்று பார்த்திருக்கிறார், இல்லை, பென்குயின் அங்கேதான் நின்றது, காங்கிரீட்டுதான் அதன் வயிற்றை முட்டிக்கொண்டு நின்றது. அதாவது நான் பன்னிரண்டு என்று எழுதிய இடம் உண்மையில் பதின்மூன்று, அதையும் நான் சரியாக அளக்கவில்லை என்பது அப்படித்தான் வெளியே வந்தது. இரண்டு நாள் அது வளரவே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சேர்மராஜ் நாலு பேரைக் கூட்டி பென்குயினை அலாக்காகத் தூக்கி வேலியோரம் வைத்தார், அடுத்த காலையில் ஒரே எட்டில் மூன்றடி வளர்ந்திருந்தது, விட்ட நாளுக்கும் சேர்த்து. அதிலிருந்து ஊருக்கு அதன் குணம் பிடிபட்டது. எதையும் இடிக்காது, எதையும் தள்ளாது, எதிரில் ஏதாவது இருந்தால் மரியாதையாக நிற்கும், எடுத்துவிட்டால் நின்ற நாளையெல்லாம் கணக்குத் தீர்த்துக்கொண்டு நீளும். நீள நீள, அடியிலிருந்து நுனிவரை சரிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது, பக்கத்துக் கைப்பிடிக் கம்பியும் கூடவே வளர்ந்தது. இவ்வளவு பதவிசான கட்டுமானம் எங்கள் நகராட்சியில் வேறொன்று கிடையாது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒருத்தர் அதன் நுனியில் மஞ்சள் குங்குமம் வைத்துச் சாய்வம்மன் என்றார், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் நடந்தது, இரண்டாவது வாரம் அம்மனும் பிரசங்கமும் ஓய்ந்து பெண்கள் அதில் மிளகாய்வத்தலும் கூழ்வத்தலும் காயப் போட்டார்கள், ஊரிலேயே அந்த இடத்தில்தான் வெயில் ஒழுங்காக விழுகிறது என்றார்கள். மூட்டுவலிக்காரர்கள் முழங்காலைப் பிடிக்காமல் ஏற முடிகிற ஒரே உயரம் அதுதான் என்று கண்டுகொண்டு, காலையில் மேடை வரைக்கும் ஏறி ஊரை ஆறடி உயரத்திலிருந்து பார்த்துவிட்டு இறங்க மனமில்லாமல் நின்றார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்து தடவை ஏறி இறங்கினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் அஞ்சு தடவை. கண் தெரியாத பொரிகடலை வியாபாரி சங்கிலி கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஒரு நடை நடந்து "இன்னைக்கு முப்பத்தெட்டு" என்பார், நான் டேப் வைத்து அளந்தால் முப்பத்தெட்டுதான் இருக்கும். அந்த மனுஷன் என் புள்ளிப் பலகையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பூங்கா வாசலைத் தாண்டி அது தெருவுக்கு வந்தபோது கேட்டைக் கழற்றி வைத்தார்கள். தண்ணீர் லாரி உள்ளே வர முடியாது என்று மூன்று நாள் சண்டை நடந்தது, நாலாம் நாள் லாரி முக்கில் நின்றது, குடங்கள் அங்கே போயின. சேர்மராஜ் பெஞ்சை நகர்த்தினார், தையல்கடைக்காரர் படியை உடைத்தார். தெரு நடுவில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள் எதிரும் புதிருமாக நின்றன, எங்களுடையதை எடுக்க மாட்டோம், அவர்கள் முதலில் எடுக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே வசனம், கடைசியில் ஒரு காலையில் சேர்மராஜ் விசிலடிக்க இரண்டையும் ஒரே நொடியில் பிடுங்கினார்கள். இத்தனைக்கும் நகராட்சி உத்தரவு ஒன்றுகூடக் கிடையாது. நாளைக்கு அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதை முந்தின நாளே ஒழித்துக் கொடுத்தார்கள், விருந்தாளிக்குப் பாய் விரிப்பதுபோல.

தினமும் நாலு மணிக்கு வத்தலை அள்ளிவிடுவார்கள், பியூலா வருவாள். நாற்காலியை நேராக்கி, சட்டைக் கையை மடித்து, பற்களைக் கடித்துக்கொண்டு ஏறுவாள், கை ஓய்கிற இடத்தில் பிரேக்கைப் போட்டு, சாக்பீஸால் ஒரு கோடும் தேதியும் போட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் இறங்குவாள். யாரும் தொட மாட்டார்கள். ஒரு தடவை நாற்காலி சறுக்கிக் கவிழப் போனது, ஜெயசெல்வி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள், அவள் நின்றதைப் பார்த்து ஊரும் நின்றது. கோடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே போனது.

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? டீக்கடைக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால். கையில் ஆணையருக்கு அனுப்ப வேண்டிய விளக்கக் கடிதம். சாய்தளம் ஏன் வளர்கிறது என்று அவர் கேட்டிருந்தார். முதல் கடிதத்தில் கரிசல் மண் உப்புகிறது என்று எழுதினேன், எங்கள் ஊர் செம்மண். இரண்டாவதில் கத்திரி வெயிலுக்கு உள்ளிருக்கும் கம்பி விரிகிறது என்று எழுதினேன், அந்தச் சாய்தளத்தில் கம்பியே கிடையாது. மூன்றாவதில் சாய்தளம் வளரவில்லை, அளந்த டேப்தான் சுருங்குகிறது என்று எழுதினேன், டேப் இரும்பு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் நான் ஆனை இல்லை, சறுக்கியது அடி மட்டும் இல்லை. எழுபத்திரண்டைப் பன்னிரண்டு என்று எழுதியவன் நான் என்ற ஒரு வரியை மட்டும் எழுத மனசு வரவில்லை.

மே பத்தொன்பதாம் தேதி அறுபதாவது அடியில் அது நின்றது.

எதிரில் கல்வெட்டு. திறப்பு விழாக் கல்வெட்டைப் பூங்காவுக்குள் வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி தெருமுக்கில் பீடம் கட்டி நட்டிருந்தோம். கறுப்பு கிரானைட், தங்க எழுத்து, பதினேழு பேர், கடைசி வரியில் ஆறுமுகநயினார், பி.இ. என் பேர் கல்லில் ஏறியது வாழ்க்கையில் அது ஒரே தடவை. திறந்த நாளிலிருந்து தினமும் காலையில் வாக்கிங் போகிறேன் பேர்வழி என்று போய் அதைத் துண்டால் துடைத்துவிட்டு வருவேன், என் வரியை மட்டும் இரண்டு தடவை.

ஊர் அந்தப் பீடத்தைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. போஸ்டர், செங்கல், பூந்தொட்டி, ஒரு செத்துப்போன பைக், எல்லாம் போய் கல்வெட்டு மட்டும் தன்னந்தனியாக நின்றது. அதை எடுங்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதிகாரியிடம் நேரே சொல்கிற வழக்கம் இல்லை, கல்லைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு வானத்தைப் பார்த்து மழை வருமா என்பார்கள். சேர்மராஜ் எனக்கு மட்டும் சீனி போடாத டீயாகக் கொடுத்தார். பியூலாவின் கோடு முக்கால்வாசிக்குப் போய் அங்கேயே நின்றது, நாலு நாள் ஒரே இடத்தில் நாலு கோடு, அஞ்சாம் நாள் அதற்கும் கீழே. கை வீங்கியிருந்தது. ஜெயசெல்வி இரவெல்லாம் தவிட்டு ஒத்தடம் கொடுத்ததாகச் சொன்னார்கள், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன்.

பத்து நாள் இப்படிப் போனது. மே இருபத்தொன்பது காலையில் நான் துண்டும் கையுமாகக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலிச் சத்தம் கேட்டது. பியூலா கல்வெட்டை மேலிருந்து கீழே, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல ஒவ்வொரு பேராக வாசித்தாள், பட்டங்களையும் விடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் குனிந்தாள்.

"கடைசியில இருக்கது நீங்கதானா சார்?"

"ஆமா."

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு." நிமிர்ந்தாள். "நான் திங்கக்கிழமை போயிருவேன் சார். அங்க மூணு மாடியாம். தூக்கதுக்கு ஆள் போட்டுருக்காவளாம்."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் தன் பேருக்குத் துண்டு போட்டுத் துடைத்துக்கொண்டு நின்றால் அவனை என்னவென்று சொல்வது. நேரே ஆபீசுக்குப் போய் நாலாவது கடிதத்தை எழுதினேன். எழுபத்திரண்டடி வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று வரைந்தது நான், விதி தெரியாமல் அல்ல, தெரிந்தேதான், ஏறப்போகிறவர்கள் ஒருவரிடமும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, கல்வெட்டை அகற்ற அனுமதி வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆணையர் அம்மா அதை மூன்று தடவை படித்தார். கரிசல் மண், கம்பி, டேப் என்றால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியும், 'தப்பு என்னுடையது' என்று ஒரு கோப்பு அவர் சர்வீஸில் வந்ததில்லை, அதற்குப் படிவமும் கிடையாது என்றார். பதினேழு பேரிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கும், ஒரு வருஷம் ஆகலாம் என்றார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தான் சனிக்கிழமை ஊரில் இருக்கப்போவதில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை மே முப்பது. கடப்பாரையோடு போனேன். இருபத்தாறு வருஷமாகப் பிறரைத் தோண்டச் சொன்னவன், நாலாவது குத்திலேயே கையில் கொப்புளம், ஊரே நின்று வேடிக்கை பார்த்தது, ஒருத்தர்கூட உதவிக்கு வரவில்லை. என் கல்லை நானே எடுக்கட்டும் என்று எனக்கு விட்டுக்கொடுத்த மரியாதை அது என்று இப்போது நினைக்கிறேன், அப்போது எல்லாரையும் மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினேன். கல் சாய்ந்து விழுந்தபோது இரண்டாக உடைந்தது, என் பேர் இருந்த துண்டை ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. சேர்மராஜ் டீ கொண்டுவந்து கொடுத்தார். சீனி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுபத்திரண்டு. சங்கிலி தடவிச் சொன்னார், நான் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

நாலு மணிக்கு பியூலா வந்தாள். தெரு இரண்டு பக்கமும் ஜனம், ஆனால் திருவிழாச் சத்தம் இல்லை. ஏறினாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், தண்ணீர் குடித்தாள், ஏறினாள். பழைய நாலு கோட்டையும் தாண்டினாள், தாண்டியதை அவள் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்தோம். மேடை விளிம்பு வந்தது. அங்கே நாற்காலி 'டக்' என்று நின்றது.

படி. மூன்று விரல்கடை உயரத்தில் ஒரு வாசப்படி. எங்கள் கொத்தனாருக்கு வாசப்படி வைக்காமல் ஒரு தளத்தை முடிக்க மனசு வராது, வரைபடத்தில் இல்லாததை அவர் வைத்தார், நான் பார்த்தும் அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சாய்தளம் அறுபது நாளாகத் தன் தப்பைச் சரிசெய்துகொண்டதே ஒழிய, மேடை ஒரு விரல்கடைகூடத் தணியவில்லை. சக்கரம் முட்டியது, பின்னால் வந்தது, மறுபடி முட்டியது. பியூலா திரும்பிக் கீழே கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன், எங்கள் ஊர்த் தெருக்களில் அதற்கான பள்ளங்கள் போதுமான அளவு உண்டு, அன்றைக்கு ஒன்றும் உதவவில்லை. மூன்று பேர் ஓட எத்தனித்தார்கள். ஜெயசெல்வி கையை நீட்டித் தடுத்தாள்.

பியூலா பிரேக்கைப் போட்டாள். நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்து, இரண்டு கையையும் வாசப்படிக்கு அந்தப் பக்கம் ஊன்றி, இடுப்பைத் தூக்கி வைத்து, காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். அப்படியே நகர்ந்து நகர்ந்து சறுக்கின் வாய்க்குப் போய், பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஊரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விட்டாள். ஆறடி உயரத்தில் சறுக்க எவ்வளவு நேரம் ஆகும், மூன்று நொடி, அந்த மூன்று நொடியும் அவள் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம். நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கைச் சிந்தி அழுதேன்.

அவள் கீழே மணலில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி மேலே இருந்தது. சறுக்கி இறங்கியவள் பிறகு எதில் உட்காருவாள் என்று யோசிக்கவும் அந்தக் கூட்டாஞ்சோறு விடவில்லை எனக்கு. நானே ஏறிப்போய் நாற்காலியை எடுத்து, கைப்பிடியில் முட்டி, ஒரு தடவை என் காலிலேயே ஏற்றி, எழுபத்திரண்டு அடியையும் உருட்டி இறங்கி, மூச்சு வாங்க மணலுக்குக் கொண்டுவந்தேன். மணலில் இரண்டடி போனதும் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவே இன்னும் ஐந்தடி. சுற்றி ஊரே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது, தொடக் கூடாது என்றால் தொடக் கூடாதுதான்.

சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். என் சர்வீஸில் நான் யாரிடமும் கேட்காத கேள்வியை அவளிடம் கேட்டேன்.

"என்னம்மா செய்யணும், சொல்லு."

"மேல அந்தப் படிய ஒடைங்க. இந்த மண்ண அள்ளிட்டு ரப்பர் போடுங்க. கீழ ஒரு வீல்சேர் எப்பவும் கெடக்கட்டும். சங்கிலி மாமாக்குப் புள்ளியெல்லாம் மேடா வச்சுக் குடுங்க." நான் எழுதி முடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். "இப்ப என்னையத் தூக்குங்க."

நான் விழித்தேன். ஒருத்தரும் தொடக் கூடாது என்று அவள்தானே சொன்னாள் என்றேன்.

"அது நான் சொல்லாம. இப்ப நான்லா சொல்லுதேன்."

நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, இருபத்தாறு வருஷ அனுபவத்தோடு அவள் அக்குளில் கையைக் கொடுத்தேன்.

"அப்படி இல்ல சார், வலிக்கி. அம்மா தோள்ப்பக்கம் பிடிக்கட்டும். நீங்க முட்டுக்கு அடியில கைய விடுங்க. ரெண்டு கையும். ஆங், இன்னும் கொஞ்சம் உள்ள. இப்பத் தூக்குங்க."

அவள் சொன்னபடியே தூக்கினோம்.